இரண்டு நிமிஷம்

கரும்பு வெட்டும் பருவத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இரவு வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முண்டியம்பாக்கத்தை நெருங்கும்போதே சர்க்கரை ஆலையின் பாகு வாசனை ஜன்னல் வழியாக வந்து, தூங்குகிறவனையும் தட்டி எழுப்பிவிடும். அன்றைக்கும் நான் அப்படித்தான் விழித்துக்கொண்டேன். வண்டி முண்டியம்பாக்கத்தைத் தாண்டி விக்கிரவாண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வேகம் குறைந்தது. பிறகு நின்றே விட்டது. வெளியே கும்மிருட்டு. இரு பக்கமும் வயல். சில்வண்டுகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஜவுளி வியாபாரி ஒருவர், "என்ன ஸார் இது! ஸ்டேஷனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடு வயலில் நிறுத்திவிட்டு டிரைவர் என்ன, சந்தியாவந்தனம் செய்கிறாரா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. பார்த்தேன். சொல்லி வைத்தாற்போல் இரண்டு நிமிஷம் ஆயிற்று. நீண்ட ஊதல் ஒன்று கேட்டது. வண்டி மறுபடியும் புறப்பட்டது. ஆனால் ரயிலைப் போல அல்ல, நிலைக்கு வரும் தேரைப் போல. சிறிது தூரம் ஊர்ந்து சென்று மீண்டும் நின்றது. எட்டிப் பார்த்தால் ஒரு லெவல் கிராஸிங். கரும்பு ஏற்றி வந்த டிராக்டரின் பின்வண்டிக்கு அச்சு முறிந்து, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளி முடித்து, கேட்டைச் சாத்தி, கேட் கீப்பர் பச்சை விளக்கைக் காட்டிய பிறகு வண்டி போயிற்று. ஜவுளி வியாபாரி அதற்குள் தூங்கிப் போயிருந்தார்.

எனக்கு மட்டும் அந்த இரண்டு நிமிஷம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏன் இரண்டு? ஏன் ஒன்றரையோ மூன்றோ அல்ல?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். யந்திரங்களுக்கு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுவது அவன் தொழில். மேஜை மேல் வைத்துக் கடிதம் எழுதும் கம்ப்யூட்டர் அல்ல. பிரேக் போடுவதற்கும், சிக்னல் மாற்றுவதற்கும், ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாய் மருந்து ஏற்றுவதற்கும் இருக்கும் கம்ப்யூட்டர். அவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் உற்சாகத்துடன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஸார், அது ரயில்வே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கேட்டுக்கு உரிய சிக்னல் சிவப்பாக இருந்தால் டிரைவர் வண்டியை நிறுத்தி, பகலில் ஒரு நிமிஷமும் இரவில் இரண்டு நிமிஷமும் காத்திருக்க வேண்டும். அதற்கும் சிக்னல் விழாவிட்டால் ஊதிக்கொண்டே மெதுவாகக் கேட் வரையில் போக வேண்டும். கேட் சாத்தியிருப்பதைக் கண்ணால் கண்டு, கேட் கீப்பர் கைச் சைகை காட்டினால்தான் தாண்டலாம். அந்த இரண்டு நிமிஷத்துக்கு டிரைவரே ஒரு டைமர். ஒரு சேதி வருமென்று காத்திருக்கிறோம். வந்தால் சரி. வராவிட்டால்? எத்தனை நேரம் பார்ப்பது, பிறகு என்ன செய்வது? இதை நிதானமாக முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். எங்கள் வேலை முழுவதும் இதுதான்."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோம். அழ வேண்டிய நேரத்தில் அழாத பிள்ளையைக் கவனிப்பது யார்? பிறந்த குழந்தை அழவில்லை என்றால் மருத்துவச்சி பதறுவாள் அல்லவா? யந்திரங்களின் மத்தியில் அந்த மருத்துவச்சியின் வேலையைத்தான் டைமர் செய்கிறது என்று எனக்குப் பட்டது. அன்று அவன் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

இவ்வகைக் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் ஆதாரப் புரோகிராமுக்கு ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் மகா வேகமாக வேலை செய்யும் ஏதோ ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் வேறு, வேளை வேறு. முகூர்த்தத்துக்கு மூன்று மணி முன்னால் தாலி கட்டிவிட்டால் யாராவது மெச்சுவார்களா? உரிய வேளைக்குள் உரிய காரியம், ஒரு தடவை கூடத் தவறாமல் நடக்க வேண்டும். சராசரியாகச் சீக்கிரம் முடித்துவிட்டு, என்றைக்கோ ஒரு நாள் தாமதிக்கும் யந்திரம் இங்கே உதவாது. அந்த ஒரு நாளில்தான் உயிர் போகிறது.

சரி, ஒரே கம்ப்யூட்டர் நூறு காரியங்களின் வேளையை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனைப் பார்த்தால் விளங்கிவிடும். அவரிடம் இருப்பது ஒரே கடிகாரம், ஒரே தண்டவாளத் துண்டு, ஒரு சுத்தி. ஆனால் காலைப் பிரார்த்தனை, ஏழெட்டுப் பீரியடுகள், இடைவேளை, சாப்பாட்டு வேளை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஒவ்வொரு நிமிஷமும் முழுக் கால அட்டவணையையும் படித்துக்கொண்டிருப்பதில்லை. அடுத்து அடிக்க வேண்டிய மணி எது என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படியே. அதற்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. நம் கைக்கடிகாரத்தில் இருப்பது விநாடிக்கு 32,768 தடவை அதிரும்; கம்ப்யூட்டரில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு அதிகம். அந்த அதிர்வுகளை எண்ணி, பல யந்திரங்களில் விநாடிக்கு ஆயிரம் தடவை ஒரு தட்டுத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் தன் பட்டியலின் தலைப்பு வரியை மட்டும் பார்க்கிறது. பட்டியல் வேளை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. முதல் ஆளுக்கு வேளை வரவில்லையென்றால் அவனுக்குப் பின்னால் நிற்கிற எவனுக்கும் வரவில்லை என்பது நிச்சயம்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மணி அடிக்கிறவர் மணியை மட்டும் அடிக்க வேண்டும். நாலாம் வகுப்புக்கு வாத்தியார் வரவில்லை என்று பியூனே உள்ளே போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்தால் அடுத்த மணி என்ன ஆகும்? ஆகையால் டைமர் தட்டியவுடன் மிகச் சிறிய வேலையைச் செய்துவிட்டு, பெரிய வேலையை உரியவனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பந்தி நடக்கும்போது இலை வாங்க ஆள் அனுப்பக்கூடாது. எத்தனை டைமர் வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அத்தனைக்கும் இடத்தை ஓட்டத்துக்கு முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அவசர நேரத்தில் ஞாபக இடம் தேடி அலைகிற யந்திரத்தை நம்பி ஒருவரும் ரயில் ஏறக் கூடாது.

இன்னொரு நுட்பம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உடனே புரியும். ஆறு மணிக்கு ஒரு தரம் மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலை 6 மணிக்குக் கொடுத்தாயிற்று. மத்தியானம் விருந்தாளி வந்ததால் 12-20 ஆகிவிட்டது. அடுத்த வேளை எப்போது? 6-20 என்று சொல்கிறவர்கள் உண்டு. இரவு இன்னும் ஒரு பத்து நிமிஷம் தாமதமாகும். இப்படியே நான்கு நாள் போனால் வேளை எங்கேயோ நழுவிவிடும். விவேகமுள்ளவர்கள் தாமதத்தை மன்னித்துவிட்டு, அடுத்ததை மாலை 6 மணிக்கே கொடுப்பார்கள். யந்திரத்திலும் இதே விதிதான். வேலை முடிந்த நேரத்திலிருந்து எண்ணாமல், வேலைக்கு உரிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். இந்தச் சிறு வித்தியாசத்தைக் கவனியாமல் எழுதும் புரோகிராம்கள் ஏராளம் என்று என் மாணாக்கன் வருத்தப்பட்டான்.

அன்றியும், சுவர்க் கடிகாரத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கக் கூடாது. மூன்று மணி நேரப் பரீட்சை நடக்கும்போது, கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தியிருக்கிறதென்று ஒருவர் வந்து முள்ளைத் திருப்பி வைத்துவிட்டால் பிள்ளைகளின் கதி என்ன? கடிகாரங்களைத் திருத்த வேண்டியது அவசியந்தான். ஒரு காலத்தில் நமது தேசத்தின் ரயில்களெல்லாம் சென்னை நேரத்தை அனுசரித்தே ஓடின. 1906 ஜனவரி 1-ந் தேதி இந்தியாவுக்குப் பொது நேரம் ஏற்பட்டபோது, சென்னை நேரத்துக்கும் புது நேரத்துக்கும் சுமார் 9 நிமிஷ வித்தியாசம் இருந்தது. அதற்குப் பிறகும் ஸ்டேஷன் கடிகாரங்களைத் தினந்தோறும் மாலை 4 மணிக்குச் சரிபார்த்துக்கொள்வது ரயில்வேயின் நியமம். நல்ல நியமம். ஆனால் இரண்டு நிமிஷம் காத்திருக்கும் டிரைவர், சரியாக அந்த வேளையில் முள் திருத்தப்பட்டதால் அரை நிமிஷத்தில் புறப்பட்டுவிடக் கூடாதே! ஆகவே யந்திரங்களுக்குள் இரண்டு கணக்குகள் தனித்தனியே நடக்கின்றன. மணி என்ன என்று சொல்லும் கணக்கைத் திருத்தலாம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லும் கணக்கு முன்னேதான் போகும். அதை யாரும் தொடக்கூடாது.

இப்படி நேரத்தை எண்ணுவதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் 1991-ம் வருஷத்து வளைகுடா யுத்தத்தில் நடந்தது. சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னும் இடத்தில், வரும் ஏவுகணையை வானத்திலேயே மறித்து அடிப்பதற்குப் பேட்ரியட் என்ற ஆயுதத்தை அமெரிக்கர்கள் நிறுத்தியிருந்தார்கள். அதன் கம்ப்யூட்டர், தான் விழித்த நேரம் முதல் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணிக்கொண்டிருந்தது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடிவதில்லை அல்லவா? ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே தெரிந்த கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒன்று அப்படிப்பட்ட சங்கடம். 24 இலக்கங்களோடு வெட்டி நிறுத்தினார்கள். வெட்டிய மிச்சம் தூசிக்குச் சமானம். ஆனால் யந்திரம் நூறு மணி நேரத்துக்கு மேல் அணைக்கப்படாமல் ஓடிற்று. தூசி சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆயிற்று. கண் இமைக்கிற நேரந்தான். அதற்குள் அந்த ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25-ந் தேதி இரவு பேட்ரியட் வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது. படைவீடு தாக்கப்பட்டு 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள்.

இந்தக் கணக்குப் பிழையைக் காட்டிலும் எனக்கு அதிக வேதனை தருவது வேறொன்று. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி விலகுகிறது என்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே இஸ்ரேலியர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்து, வெகு நேரம் ஓடவிட்டால் குறி தவறலாம் என்று படைகளுக்கு எச்சரிக்கையும் போயிற்று. வெகு நேரம் என்றால் எவ்வளவு? எட்டு மணியா, எண்பது மணியா? எண் சொல்லவில்லை. திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26-ந் தேதி. "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்வதற்கும், "எட்டு மணிக்கு ஒரு தரம் அணைத்து ஏற்று" என்று சொல்வதற்கும் 28 உயிர் வித்தியாசம் இருந்தது.

நிற்க. நம் ரயிலுக்குத் திரும்புவோம். இரண்டு நிமிஷம் என்பது சிக்னல் அறையிலும் வருகிறது. வருகிற வண்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பச்சை காட்டிவிட்டார். பிறகு ஏதோ காரணத்தால் ரத்துச் செய்கிறார். சிக்னல் உடனே சிவப்பாகிவிடும். ஆனால் தண்டவாளத்தைப் பிரித்துவிடும் 'பாயிண்ட்' உடனே அசையாது. 120 விநாடி கழிந்தால்தான் பூட்டுத் திறக்கும். ஏனெனில் சிவப்பு விழுந்த கணத்தில் டிரைவர் அதைக் கடந்திருக்கலாம், அல்லது பிரேக் போட்டாலும் நிற்க முடியாத தூரத்துக்கு வந்திருக்கலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு 30 மீட்டர் போகிறது. அதன் அடியில் பாயிண்ட் நகர்ந்தால் என்ன ஆகுமென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு எத்தனை அவசரமானாலும், மேலதிகாரி டெலிபோனில் எத்தனை கூச்சலிட்டாலும், அந்த 120 விநாடியில் ஒரு விநாடியைக் கூடக் குறைக்க முடியாது. மனிதனுக்குப் பொறுமை இல்லாத இடத்தில் பொறுமையைப் பூட்டாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி, காவல் நாய். கம்ப்யூட்டர்காரர்கள் இதை வாட்ச்டாக் என்கிறார்கள். புரோகிராம் ஏதோ ஒரு சுழலில் சிக்கி மயங்கிவிட்டால், தான் மயங்கிவிட்டதாக அதுவே வந்து சொல்லாது. ஆகவே தனியாக ஒரு டைமரை வைத்து, குறித்த நேரத்துக்குள் புரோகிராம் வந்து அதைத் தட்டிக்கொடுத்துப் போகவேண்டும் என்று ஏற்பாடு. தட்டாவிட்டால் நாய் குரைக்கும். அதாவது யந்திரத்தையே அணைத்து மீண்டும் எழுப்பும், அல்லது அபாயமில்லாத நிலையில் நிறுத்தும்.

நமது மின்சார இஞ்சின்களில் டிரைவருக்கே இப்படி ஒரு காவல் நாய் உண்டு. (டிரைவர் என்று நாம் வழக்கமாகச் சொல்பவரை ரயில்வேயில் லோகோ பைலட் என்று மரியாதையாக அழைக்கிறார்கள்.) ஒரு நிமிஷ காலம் அவர் எந்தப் பிடியையும் அசைக்கவில்லை, ஊதலையும் ஊதவில்லை என்றால் எதிரே ஒரு விளக்கு மினுக்கும். சுமார் 8 விநாடிக்குள் பொத்தானை அமுக்கினால் போயிற்று. இல்லாவிட்டால் இன்னும் 8 விநாடி பஸ்ஸர் அலறும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானே விழுந்துவிடும். அந்த 76 விநாடியில் 110 கிலோமீட்டர் வேக வண்டி இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். "இவ்வளவு நேரம் ஏன் விட வேண்டும்? பத்து விநாடிக்கு ஒரு தரம் கேட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். "பத்து விநாடிக்கு ஒரு தரம் கேட்டால், ஸார், மனிதனுடைய கை தூக்கத்திலேயே அமுக்கக் கற்றுக்கொண்டுவிடும்" என்றான் பையன். வகுப்பில் "புரிந்ததா, புரிந்ததா" என்று ஓயாமல் கேட்கும் வாத்தியாருக்குப் பிள்ளைகள் கூட்டமாகத் தலையாட்டுவதை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு முன்னோடியாக மேல்நாடுகளில், டிரைவர் காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு மிதியடி இருந்தது. காலை எடுத்தால் பிரேக் விழும். பார்ப்பதற்கு உத்தமமான யோசனை. ஆஸ்திரேலியாவில் வாட்டர்பால் என்ற ஊருக்கு அருகில் 2003 ஜனவரி 31-ந் தேதி ஒரு ரயிலின் டிரைவருக்கு ஓடும்போதே மாரடைப்பு வந்தது. அவர் சரிந்து விட்டார்; ஆனால் அவருடைய காலின் பாரமே மிதியடியை அமுக்கி வைத்துக்கொண்டிருந்தது. வண்டி வளைவில் கவிழ்ந்து, அவரையும் சேர்த்து ஏழு பேர் மாண்டார்கள். அமுங்கியிருப்பது உயிரின் அடையாளமல்ல. புதிதாக ஒருமுறை அமுக்குவதுதான் உயிரின் அடையாளம். கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே ஏமாற்று உண்டு. மணியடிக்கும் டைமரைக் கொண்டே காவல் நாய்க்குச் சோறு போடும்படி சில சோம்பேறிகள் எழுதிவிடுகிறார்களாம். புரோகிராம் செத்துக் கிடந்தாலும் மணி அடித்துக்கொண்டிருக்கும், நாயும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். வராத பையனுக்காகப் பக்கத்துப் பையன் "ஆஜர் ஸார்" சொல்வதற்கும் இதற்கும் என்ன பேதம்?

நாய் உண்மையாகவே குரைத்துக் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. அதில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1997 ஜூலை 4-ந் தேதி அமெரிக்கர்களின் பாத்பைண்டர் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிற்று. சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. காரணம் விசித்திரமானது. ஹெட்மாஸ்டருக்கு அவசரமாக வேண்டிய சாவி ஒரு சின்ன வாத்தியாரிடம் இருக்கிறது. அவர் வந்து கொடுப்பதற்குள் நடுத்தர உத்தியோகஸ்தர்கள் சிலர் அவரை மடக்கி வேலை வாங்குகிறார்கள். ஹெட்மாஸ்டர் வாசலில் நிற்கிறார். முக்கியமான வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்டு காவல் டைமர் யந்திரத்தை மீட்டெழுப்பிக்கொண்டிருந்தது. பரிகாரம் இதுதான்: சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் சின்ன வாத்தியாருக்கு ஹெட்மாஸ்டரின் அந்தஸ்தை இரவல் கொடுத்துவிட வேண்டும். இந்த முறையை விளக்கி 1990-ல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் ரகுநாதன் ராஜ்குமார். கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றுப் பிறகு அமெரிக்காவில் பேராசிரியரானவர். பூமியிலிருந்தபடியே அந்த இரவல் அந்தஸ்தை இயக்கிவைத்தார்கள். செவ்வாயில் யந்திரம் குணமாயிற்று.

ஆனால் அணைந்து நிற்பது எப்போதும் க்ஷேமம் என்று நினைத்துவிடக் கூடாது. ரயில் நின்றால் பிரயாணிகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஆகாய விமானம் நிற்க முடியுமா? 2015-ல் போயிங் 787 விமானங்களைப் பற்றி அமெரிக்க அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. மின்சாரம் உண்டாக்கும் யந்திரங்களை ஆளும் கம்ப்யூட்டருக்குள் ஓர் எண்ணி 248 நாள் அணையாமல் ஓடினால் நிரம்பி வழிந்துவிடும். உடனே அது பத்திரமான நிலை என்று கருதி மின்சாரத்தை நிறுத்திவிடும் என்று பரிசோதனையில் கண்டார்கள். நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒரே சமயத்தில் இயக்கியிருந்தால் நான்கும் ஒரே கணத்தில் அதே பத்திரத்தைத் தேடிக்கொள்ளும்; விமானத்தில் மின்சாரமே இராது. நல்ல வேளையாக, பறக்கும்போது அப்படி எதுவும் நேருமுன்பே கண்டுபிடித்தார்கள். 248 ஏன் என்று கணக்குப் பிரியமுள்ள பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம். இரண்டை 31 தடவை பெருக்கி, அதை நூறில் ஒரு விநாடிகளாக வைத்துக்கொண்டால் அத்தனை நாள் வரும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, எழுதத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலை 8-ந் தேதி காலை விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் புறப்பட்ட பாஸஞ்சர் வண்டி, கடலூரைத் தாண்டிச் செம்மங்குப்பத்து லெவல் கிராஸிங்கில் ஒரு பள்ளிக்கூட வேன் மீது மோதிற்று. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் நானும் நீங்களும் அன்றாடம் பார்க்கும் வண்டிதான் அது. குற்றத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நியாயம் சொல்வது என் வேலையல்ல. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த டிரைவருக்கு ஏன் இரண்டு நிமிஷமோ ஒரு நிமிஷமோ கிடைக்கவில்லை? விக்கிரவாண்டியருகே எங்கள் வண்டியை நிறுத்திய சிவப்பு விளக்கு அவருக்கு ஏன் எரியவில்லை?

விடை சுருக்கமானது. செம்மங்குப்பத்துக் கேட் 'இன்டர்லாக்கிங்' செய்யப்படாத கேட். இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில் கேட் சாத்திப் பூட்டினாலன்றிச் சிக்னல் விழாது. கேட் கீப்பர் தூங்கினாலும், மறந்தாலும், மயங்கினாலும், யாராவது கெஞ்சியதற்காக இரங்கினாலும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும், வண்டி நிற்கும், டிரைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அது இல்லாத இடத்தில் ஸ்டேஷனுக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு டெலிபோன். சாத்திவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்கிறார்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நம்பர் உண்மையாயிருந்தும் கேட் திறந்திருக்கலாம். திறந்திருக்கும் கேட் வண்டிக்குச் சேதி சொல்ல வழியே இல்லை. அங்கே மௌனத்துக்குப் பொருள் அபாயம் அல்ல. மௌனத்துக்குப் பொருள் "வரலாம்".

இது தெரியாத சங்கதியா? தெரிந்ததுதான். அகல ரயில் பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டோம் என்பது நமது ரயில்வேக்குப் பெருமை. டிரைவர் சிவப்பைத் தாண்டினால் தானே பிரேக் போடும் 'கவச்' என்னும் யந்திரத்தை நமது தேசத்தாரே அமைத்து, 2020-ல் தேசம் முழுவதற்குமாக ஏற்றுக்கொண்டதும் பெருமைதான்; மிகக் கடுமையான நான்காம் பாதுகாப்புத் தரத்துக்கு அதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் சிவப்பே இல்லாத இடத்தில் எதைத் தாண்டுவது? எந்தக் கேட்டுக்கு இன்டர்லாக்கிங் வேண்டும் என்பதற்கு, அதைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகனங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது 20,000-க்கு மேல் போனால்தான் என்றிருந்ததை, செம்மங்குப்பத்துக்குப் பிறகு 10,000 என்று குறைத்து உத்தரவிட்டார்கள். கேட்டுகளில் காமிராவும் வைக்கச் சொன்னார்கள். காமிரா நடந்ததைப் பிறகு காட்டும்.

பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள கேட்டுகளின் வழியாகவும் பள்ளிக்கூட வேன்கள் போகின்றன. கிராமத்துப் பாதைகளில் வேறு எந்த வாகனம் போகாவிட்டாலும் காலை ஏழரை மணிக்கு அது ஒன்று போகும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் வேன் ஒன்று தினமும் இரண்டு கேட்டுகளைத் தாண்டி வருகிறது. அவற்றில் எதற்குச் சிக்னல் உண்டு, எதற்கு டெலிபோன் மட்டும் என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை. சென்ற வாரம் வேன் டிரைவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுக்கு உண்டு.